பன்றிக்குட்டியின் குடலும் பச்சிலை மருந்தும்

பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று நமது வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தேச விவகாரங்களையும் சர்க்கார்களின் நடவடிக்கைகளையும் விசாரிப்பதற்கென்று ஏற்பட்ட இடத்தில் கொட்டிலுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். ஆயினும், கொட்டிலில் போடப்படும் தீவனத்திற்கும், நமது ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் நோயாளியின் உயிருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதைச் சென்ற எழுபது ஆண்டுகளின் அனுபவம் ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிட்டது. 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று விஞ்ஞானிகள் 1922-ல் அல்ல, நம் காலத்திலேயே, 2022-ல் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அக்கிருமிகள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடங்களில் கால்நடைக் கொட்டிலும் ஒன்று.

2022-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதியுடன், பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் துத்தநாக ஆக்ஸைடை மருந்தளவில் கலக்கும் வழக்கம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் முடிவுக்கு வந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்னதாக, அவ்வாண்டு ஜனவரி 28-ந் தேதி முதல், நோய் வருமுன்பே மந்தை முழுவதற்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாடிக்கையாகக் கொடுக்கும் வழக்கமும் தடுக்கப்பட்டது. இவ்விரண்டு ஊன்றுகோல்களும் போன பிறகு, பூண்டு, மஞ்சள், மிளகாய், இலவங்கப்பட்டை, ஓமத்தின் சத்து முதலிய தாவரப் பொருள்களைத் தீவனத்தில் சேர்த்துக் குட்டிகளின் குடலைக் காக்கலாமா என்ற கேள்வி அந்நாடுகளில் முன்னிலும் அதிகமாக எழுந்திருக்கிறது. நமது அஞ்சறைப்பெட்டிச் சரக்குகள் அயல்நாட்டாரின் ஆராய்ச்சிசாலையில் ஏறியிருப்பதைக் கேட்டு மகிழாத தமிழர் இரார். அம்மகிழ்ச்சி நியாயமானதா, எவ்வளவு நியாயமானது என்பதையே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம்.

பால் மறக்கும் நாட்கள்

முதலில் நோயின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். தன் போக்கில் விடப்பட்ட தாய்ப்பன்றி குட்டிகளுக்குப் பாலை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. மூன்று, நான்கு மாதங்கள் வரையில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரும். அதற்குள் குட்டி மண்ணைக் கிளறியும் வேரைக் கடித்தும் பிற உணவுக்குப் பழகிவிடும். பெரிய பண்ணைகளில் நடப்பது வேறு. அங்கே குட்டிகள் பிறந்த மூன்று அல்லது நான்கு வாரங்களில் தாயினின்றும் பிரிக்கப்படுகின்றன. ஐரோப்பியச் சட்டம் 28 நாட்களுக்குமுன் பிரிக்கக்கூடாது என்று விதித்து, தனியான சுத்தமான கொட்டில் உள்ள இடங்களில் 21 நாட்களிலேயே பிரிக்கலாமென்று விலக்கும் அளித்திருக்கிறது. இந்த அவசரத்திற்குக் காரணம் லாபமே. பால் நின்ற ஒரு வாரத்திற்குள் தாய்ப்பன்றி மறுபடியும் பருவத்திற்கு வந்து சினையாகும். ஆண்டொன்றுக்கு ஈற்றின் எண்ணிக்கை அதனால் உயரும்.

குட்டியின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கவேண்டும். ஏறக்குறைய மணிக்கொருதரம் இளஞ்சூடான பாலைக் குடித்துவந்த உயிர், ஒரே நாளில் தாயை இழந்து, பழகாத இடத்தில், பழகாத குட்டிகளுக்கு நடுவே, உலர்ந்த தானியத் தீவனத்திற்கு முன்னால் நிறுத்தப்படுகிறது. சில குட்டிகள் இரண்டு நாட்கள் வரையில் தீவனத்தைத் தொடுவதுகூட இல்லை. பட்டினியின் விளைவு முதலில் சிறுகுடலில் தோன்றுகிறது. குடலின் உட்சுவரில் பயிர் நட்டாற்போல் நெருங்கி நிற்கும் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள், உணவின் சாரத்தை இரத்தத்தில் சேர்ப்பவை. அவை ஓரிரு நாட்களில் குறுகிப்போகின்றன. பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கச் செய்து வயிற்றில் புளிப்பைக் காத்துவந்த நல்ல கிருமிகளும் குறைகின்றன. குட்டியின் இரைப்பை தானாகப் போதிய அமிலத்தைச் சுரக்க இன்னும் பழகவில்லை. தாய்ப்பாலிலிருந்து கிடைத்துவந்த காப்புப் பொருள்கள் நின்றுவிட்டன. குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தியோ இன்னும் முதிரவில்லை. வாயில் காவலன் போய்விட்ட வீடு போல் குடல் ஆகிவிடுகிறது.

இச்சமயத்தில்தான் எஷெரிக்கியா கோலை என்னும் கிருமியின் சில தீய வகைகள் நுழைகின்றன. அவை மயிரிழை போன்ற பற்றுக்கால்களால் குடற்சுவரைப் பிடித்துக்கொண்டு நஞ்சைக் கக்குகின்றன. அந்நஞ்சுகளில் ஒன்று மனிதருக்குக் காலரா உண்டாக்கும் நஞ்சுக்கு மிக நெருங்கிய உறவுடையது. உடலிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் பாய்ந்து பேதியாக வெளியேறுகின்றன. இரண்டொரு நாளில் குட்டி வற்றி மடிகிறது. பிழைத்த குட்டியும் நெடுநாள் தேறுவதில்லை. ஆகவே இந்நோய்க்கு மூலகாரணம் கிருமி மட்டும் அன்று. அகாலத்தில் பாலை நிறுத்தியதும் காரணமே. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே நாம் சொல்லப்போவது அனைத்தும் இதையே சார்ந்திருக்கிறது.

மருந்து தீவனமான கதை

1940-களின் இறுதியில், அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இரு விஞ்ஞானிகள் கோழிக்குஞ்சுகளுக்கு வேண்டிய ஒரு வைட்டமினைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்னும் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்தபோது, எதிர்பார்த்ததற்கு மேலாகக் குஞ்சுகள் வளர்ந்தன. 1950-ல் இச்செய்தி வெளியாயிற்று. பன்றிக்குட்டிகளிலும் அதே பலன் கண்டது. நோயற்ற பிராணிக்கும் நாள்தோறும் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சீக்கிரம் கொழுக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவிற்று. மருந்து என்பது போய்த் தீவனம் என்றே ஆயிற்று.

இதன் ஆபத்தை அறிந்தவர்கள் அப்போதே இல்லாமற் போகவில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ம் ஆண்டு டிசம்பரில் நோபெல் பரிசு பெற்ற சமயம் நிகழ்த்திய சொற்பொழிவிலேயே, கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவில் மருந்தைக் கொடுத்தால் அது எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்திருந்தார். கால்நடைத் தீவனத்தில் நடந்தது சரியாக அதுவே. 1969-ல் பிரிட்டனில் மைக்கேல் ஸ்வான் தலைமையில் கூடிய கமிட்டி, மனித வைத்தியத்திற்கு வேண்டிய மருந்துகளைக் கால்நடைகளின் வளர்ச்சிக்காக உபயோகிக்கலாகாது என்று சிபார்சு செய்தது. சிபார்சு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. விற்பவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் லாபம் தரும் பழக்கத்தைக் கமிட்டி அறிக்கையொன்று மாற்றிவிடாது என்பது நாம் அறிந்த விஷயந்தானே?

டென்மார்க்கின் அனுபவம்

இதில் முதலில் துணிந்த தேசம் சுவீடன். அங்கு விவசாயிகளின் சங்கமே முன்வந்து கோரியதன்மேல், 1986-ம் ஆண்டு முதல் வளர்ச்சிக்கென ஆன்டிபயாட்டிக் கொடுப்பது விலக்கப்பட்டது. ஆயினும் நமக்கு அதிகப் படிப்பினை தருவது டென்மார்க் தேசமே. ஏறக்குறைய 60 லட்சம் ஜனங்கள் உள்ள அச்சிறு நாட்டில் ஆண்டுதோறும் 3 கோடி அளவில் பன்றிகள் உற்பத்தியாகின்றன. 1887-ல் ஹோர்சென்ஸ் நகரில் குடியானவர்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் பன்றியிறைச்சிச் சாலையொன்றை நிறுவிய நாள்முதல், அத்தொழில் அந்நாட்டின் செல்வங்களில் ஒன்றாக இருந்துவருகிறது. ஆகவே அங்கு எடுக்கும் நடவடிக்கை, இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள் எடுக்கும் நடவடிக்கையன்று.

1995-ல் டென்மார்க் மூன்று காரியங்களைச் செய்தது. அவோபார்சின் என்னும் தீவன மருந்தைத் தடுத்தது. எந்தப் பிராணிக்கு எவ்வளவு மருந்து செலவாகிறது, எந்தக் கிருமி எதற்கு அடங்கவில்லை என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கால்நடை வைத்தியர் மருந்தை விற்று லாபமடைவதற்கும் கடுமையான வரம்பு கட்டியது. மருந்து எழுதுகிறவனே அதை விற்று ஜீவிக்கிறவனாகவும் இருந்தால் சீட்டில் மருந்தின் எண்ணிக்கை குறையாது என்ற எளிய உண்மையை அத்தேசத்தார் உணர்ந்தார்கள். பிறகு 1998-ல் வளர்ந்த பன்றிகளுக்கும், 1999-ம் ஆண்டு முடிவுக்குள் இளங்குட்டிகளுக்கும் வளர்ச்சி மருந்து நின்றது. 2006-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இதே வழிக்கு வந்தது.

தொழில் அழிந்துவிடும் என்று அலறியவர்கள் அங்கும் இருந்தார்கள். 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனம் நிபுணர்களைக் கூட்டி டென்மார்க்கின் அனுபவத்தைச் சோதித்தபோது, மருந்தின் மொத்தச் செலவு பாதிக்குமேல் குறைந்திருந்ததும், பன்றி உற்பத்திச் செலவு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் உயர்ந்திருந்ததும் வெளியாயின. வளர்ந்த பன்றிகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. பால் மறந்த குட்டிகளுக்கு மாத்திரம் வயிற்றுப்போக்கு அதிகரித்தது. அந்த ஓர் ஓட்டையை அடைக்கவே துத்தநாகம் பெருவாரியாக வந்து சேர்ந்தது.

துத்தநாகத்தின் வரவும் போக்கும்

துத்தநாக ஆக்ஸைடு என்பது ஒரு வெள்ளைப் பொடி. அதை ஒரு கிலோ தீவனத்தில் 2500 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கும்படி இரண்டு வாரம் கலந்து கொடுத்தால் குட்டிகளின் பேதி நிற்கிறது என்பது 1980-களின் முடிவில் டென்மார்க்கில் நடந்த பரீட்சைகளிலிருந்து தெரியவந்தது. குட்டியின் போஷணைக்கு வேண்டியதாகச் சட்டம் அனுமதிக்கும் அளவு ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம்தான். அதைப்போல் 16 மடங்குக்கு மேலானது இந்த மருந்தளவு. விலை மலிவு, பலன் நிச்சயம், எனவே பண்ணைகள் அதையே நம்பின.

ஆனால், உள்ளே போன துத்தநாகத்தில் பெரும்பகுதி குட்டியின் உடம்பில் தங்குவதில்லை. சாணத்துடன் வெளியேறி வயலில் சேர்கிறது. எருவும் நீரும் போல் அது மறைந்துபோவதன்று; உலோகமாதலால் ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே வரும். இதனினும் பெரிய தீமை வேறொன்று. கால்நடைகளிடம் காணப்படும், மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஒருவகை ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியில், துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் அம்மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒன்றையொன்று ஒட்டி ஒரே துண்டில் அமைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். துத்தநாகத்தைப் போடப் போட, அதைத் தாங்கும் கிருமி பிழைத்துப் பெருகும். கூடவே மருந்தை எதிர்க்கும் குணமும் பெருகும். ஆன்டிபயாட்டிக்கைத் தொடாமலே ஆன்டிபயாட்டிக்கின் தீமை வளர்ந்த விந்தை இது. 2017 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய கமிஷன் இவ்வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்து, மாற்றிக்கொள்ள ஐந்தாண்டு தவணை கொடுத்தது. தவணை முடிந்த தேதியை மேலே சொன்னோம்.

தடையின் பின்விளைவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். துத்தநாகம் போனபின் டென்மார்க்கில் குட்டிகளின் பேதிக்கு நியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கின் உபயோகம் உயர்ந்தது. ஒரு கதவை அடைத்தால் மற்றொரு கதவின் வழியே பழைய விருந்தாளி நுழைவதைத்தான் இது காட்டுகிறது. தாவரப் பொருள்களின் பேச்சு இத்தனை ஆவலுடன் கேட்கப்படுவதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

பச்சிலையின் யோக்கியதை

ஓமத்தின் எண்ணெயில் தைமால் என்னும் பொருள் மிகுதியாக இருக்கிறது. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத்திரவம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் ஆரிகனோ என்னும் செடியின் எண்ணெயில் கார்வக்ரால் என்ற பொருளும் தைமாலும் கலந்திருக்கின்றன. இவை எண்ணெயில் கரைவனவாதலால் கிருமியின் மேற்சவ்வில் புகுந்து அதைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் உப்புக்கள் கசிந்து கிருமி மடிகிறது. இலவங்கப்பட்டையின் எண்ணெய்க்கும், கிராம்பின் எண்ணெய்க்கும், பூண்டை நசுக்கும்போது உண்டாகும் காரமான பொருளுக்கும் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. ஐரோப்பிய செஸ்ட்நட் மரத்திலிருந்து எடுக்கும் துவர்ப்பு, நம் கடுக்காயின் துவர்ப்பைப் போல, குடற்சுவரைச் சுருங்கச் செய்து பேதியைக் கட்டும் தன்மையுடையது. இவையெல்லாம் கண்ணாடிக் குழாயில் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டவை.

உயிருள்ள குட்டியிலும் சில நற்பலன்கள் காணப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்ட பரீட்சை கவனிக்கத்தக்கது. பால் மறந்த குட்டிகளுக்குத் தீய கோலைக் கிருமியை வேண்டுமென்றே ஊட்டி, ஒரு சாராருக்குச் சாதாரணத் தீவனமும், மற்றவர்களுக்கு மிளகாய், பூண்டு, மஞ்சள் இவற்றின் சத்துக்களில் ஒன்றைத் தனித்தனியே கலந்த தீவனமும் கொடுத்தார்கள். கலந்த அளவு பத்து லட்சம் பங்குத் தீவனத்தில் பத்துப் பங்குதான். சத்துச் சேர்த்துத் தின்ற குட்டிகளுக்குப் பேதி குறைந்தது. குடலின் அழற்சியும் தணிந்தது. அவ்வளவு சிறிய அளவு கிருமியை நேரே கொல்லப் போதாது. ஆதலால் இச்சத்துக்கள் குடலின் சொந்தக் காவலைச் சீர்ப்படுத்தியே பலன் தந்தன என்று கருதவேண்டியிருக்கிறது. இது நல்ல செய்தியே.

ஆனால், நல்ல செய்தியைக் கேட்டவுடன் மேளம் கொட்டிவிடுவது விவேகமாகாது. முதலாவது, கண்ணாடிக் குழாய் வேறு, குடல் வேறு. தைமாலும் கார்வக்ராலும் குட்டியின் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் போய்விடுகின்றன. நோய்க்கிருமி குடியிருக்கும் கீழ்ப்பகுதிக்கு அவை போய்ச் சேருவதில்லை. அதற்காகக் கொழுப்பினாலோ வேறு பொருளினாலோ நுண்ணிய உறையிட்டு அனுப்பும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். அதனால் விலை ஏறுகிறது. இரண்டாவது, அளவை உயர்த்தினால் வாடை நெடியடித்துக் குட்டி தீவனத்தையே தள்ளிவிடும். பட்டினியே நோய்க்கு வித்து என்று முன்னமே சொன்னோம். மூன்றாவது, செடி என்பது தொழிற்சாலைச் சரக்கன்று. எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் அறுத்தது, எப்படி உலர்த்தியது என்பவற்றைப் பொறுத்து ஒரே செடியின் எண்ணெயில் சாரம் பலமடங்கு மாறுபடும். ஒரு மூட்டையில் பலித்தது மறு மூட்டையில் பலிக்காமற் போவதற்கு இதுவே காரணம். இதனால்தான் பரீட்சைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல், சிலவற்றில் நன்மை கண்டும் சிலவற்றில் ஒன்றும் காணாமலும் கிடக்கின்றன.

விளம்பரமும் உண்மையும்

நான்காவதாக ஒரு சங்கதி உண்டு. ஐரோப்பியச் சட்டத்தில் இத்தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை மருந்தாகப் பதிவு செய்யப்படவில்லை; தீவனத்திற்கு மணமும் சுவையும் ஊட்டும் பொருளாகவே பதிவாகியிருக்கின்றன. மருந்தென்று பதிவு செய்வதானால் நோயைத் தீர்க்கும் என்பதைத் தக்க பரீட்சைகளால் நிரூபிக்கவேண்டும். அதற்குப் பணமும் காலமும் ஏராளமாக வேண்டும். மணப்பொருளுக்கு அத்தனை நிரூபணம் தேவையில்லை. ஆகவே சட்டப்படி மணப்பொருள், விற்பவன் வாய்ச்சொல்லில் சஞ்சீவி என்ற இரட்டை வேஷத்தை அது பூணுகிறது. இயற்கைப் பொருள் என்ற ஒரு வார்த்தையினால் விவசாயியின் மனம் இளகிவிடுகிறது. எட்டிக்கொட்டையும் இயற்கைப் பொருளே என்பதை அவன் அச்சமயம் நினைப்பதில்லை.

நம்மவர்களுக்கு மற்றொரு மயக்கமும் உண்டு. மஞ்சளும் மிளகும் நம்முடையவை, நம் முன்னோர் அறிந்ததையே வெள்ளையர் இப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்று மார்தட்டிக்கொள்வது அது. மிளகும் மஞ்சளும் நம்முடையவை என்பது மெய். மேற்படிப் பரீட்சையில் பலன் தந்த மிளகாயோ அமெரிக்காக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நம் பாட்டிமார் ஓமத்தையும் சுக்கையும் கொடுத்தது மெய். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்று அளந்து, ஒரு மந்தைக்குக் கொடுத்து மறு மந்தைக்குக் கொடாமல் ஒப்பிட்டுப் பார்த்தது அவர்கள் காரியமன்று. சரக்கு நம்முடையதாயிருப்பது பெருமையன்று; அதைச் சோதித்து, பலித்ததைப் பலித்ததென்றும் பலிக்காததைப் பலிக்கவில்லையென்றும் பிரசுரிக்கும் நேர்மையே ஒரு தேசத்துக்குப் பெருமை. மருந்துக்கு அடங்காத கிருமி தேசாபிமானத்துக்கு அடங்கப்போவதில்லை.

டென்மார்க்கின் குடியானவர்களில் தேறியவர்கள் எதை நம்பித் தேறினார்கள் என்று பார்த்தால், ஒரே மூட்டையை அல்ல. குட்டிகளைச் சிறிது நாள் கூடுதலாகத் தாயிடம் விட்டார்கள். பிரிக்குமுன்பே தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். தீவனத்தில் புரதச் சத்தைக் குறைத்தார்கள். ஏனெனில் செரியாத புரதம் கீழ்க்குடலில் அழுகித் தீய கிருமிகளுக்கு விருந்தாகிறது. நார்ச்சத்தும் புளிப்பு அமிலங்களும் சேர்த்தார்கள். கோலைக் கிருமிக்குத் தடுப்பு மருந்து புகட்டினார்கள். ஒரு தொகுதி போனபின் கொட்டிலைக் கழுவி உலர்த்தி மறு தொகுதியை விட்டார்கள். இவற்றிற்கு நடுவே தாவரச் சத்தும் ஒரு துணையாக நிற்கலாம். தலைமை தாங்க அதற்கு ஆற்றல் போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

நமது கடமை

இனி இத்தேசத்து நிலையைப் பார்ப்போம். 2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பன்றிகள் 90 லட்சத்துக்குச் சற்று மேல். அவற்றில் 21 லட்சம் அஸ்ஸாம் மாகாணத்தில் மட்டும் உள்ளன. வடகிழக்கில் மலைநாட்டுக் குடும்பங்கள் வீட்டுக்கு ஒன்றிரண்டாக வளர்த்து, சேம்புத் தண்டும், சர்க்கரைவள்ளிக் கொடியும், அடுக்களைக் கழிவும் போட்டு ஜீவிக்கின்றன. அத்தகைய வீடுகளில் குட்டிகளை ஆறு முதல் எட்டு வாரம் வரையில் தாயிடம் விட்டுவைப்பது வழக்கம். அறியாமையினால் அன்று, அவசரமின்மையினால் அவர்கள் செய்துவருவதை ஐரோப்பியர் பெரும்பொருள் நஷ்டப்பட்டபின் கற்றுக்கொள்ளத் தலைப்பட்டிருக்கிறார்கள். பண்ணைகளைப் புதுமைப்படுத்துகிறோம் என்று நம்மவர் கிளம்பும்போது, 21 நாளில் பாலை நிறுத்தும் முறையையும், அதனால் வரும் பேதியையும், அதற்கு வேண்டிய மருந்து மூட்டையையும் ஒரே கட்டாக இறக்குமதி செய்துகொள்ளாமலிருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நமது சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2015-ல் சீனாவில், பன்றிகளிடமும் இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் கோலிஸ்டின் என்ற கடைசி அஸ்திரத்தையும் எதிர்க்கும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து மறு கிருமிக்குத் தாவக்கூடிய நிலையில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு உலகையே திடுக்கிடச் செய்தது. சீனா 2017-ல் கோலிஸ்டினை வளர்ச்சி மருந்தாகக் கொடுப்பதை நிறுத்தியது. 2020-ல் மற்ற வளர்ச்சி ஆன்டிபயாட்டிக்குகளையும் தீவனத்திலிருந்து விலக்கியது. இந்திய சர்க்கார் 2019 ஜூலை மாதத்தில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், தடை உத்தரவு கெஜட்டில் அச்சானவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு விற்கிறது, யார் வாங்குகிறார், எங்கே செலவாகிறது என்ற கணக்கு இல்லாத இடத்தில் தடைக்கு உயிரில்லை.

ஆகையால் சர்க்காரையும் சட்டசபை அங்கத்தினர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இது. டென்மார்க்கைப் போல் ஆண்டுதோறும் கால்நடைகளுக்குச் செலவாகும் மருந்தைக் கணக்கிட்டுப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். மருந்து எழுதுகிறவரின் வருமானம் மருந்து விற்பனையைப் பொறுத்ததாக இருக்கலாகாது. தாவரச் சத்து என்று விற்கப்படும் ஒவ்வொரு மூட்டையின் மேலும் அதிலுள்ள சாரம் இன்னது, இவ்வளவு என்று எழுதப்படவேண்டும். எழுதியபடி இல்லாவிடின் விற்றவன் தண்டனை பெறவேண்டும். கௌஹாத்திக்கு அருகே ராணி என்ற இடத்தில் பன்றிகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் இருந்துவருகிறது. அதுபோன்ற பொதுப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனங்கள், விற்பவரின் பணத்தை எதிர்பாராமல், நமது மஞ்சளையும் ஓமத்தையும் நமது தட்பவெப்பத்தில், நமது தீவனத்தில், நமது குட்டிகளிடம் பரீட்சித்து முடிவுகளைத் தேச பாஷைகளில் பிரசுரிக்கவேண்டும். தோல்விகளையும் சேர்த்தே பிரசுரிக்கவேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமங்களுக்குச் செல்லும் நமது இளைஞர்கள், பன்றி வளர்ப்போரை இழிவாக எண்ணி ஒதுங்குவதை முதலில் விடவேண்டும். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாமில் புகுந்து மந்தைகளை அழித்தபோது, அந்த ஏழைகளின் உண்டியலே உடைந்தது. அந்நோயை எந்தப் பச்சிலையும் தடுக்காது. சுத்தமும் எச்சரிக்கையுமே தடுக்கும். அவர்களிடம் போய், குட்டியைத் தாயிடம் நாள் கூடவிடு, கொட்டிலை உலர்த்தி வை, பேதி கண்ட குட்டிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டு, வைத்தியர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பது, மேடையில் மூன்று மணி நேரம் பேசுவதைவிடக் குறைந்த தொண்டன்று.

பச்சிலைக்கு ஒரு இடம் உண்டு; அந்த இடம் எவ்வளவு என்பதைப் பரீட்சை தீர்மானிக்கட்டும். அதுவரையில், அகாலத்தில் தாயைப் பிரித்துவிட்டு அந்தத் தவறை மருந்தால் மூட முயல்வதும், மருந்து போனால் துத்தநாகத்தால் மூட முயல்வதும், துத்தநாகம் போனால் மஞ்சளால் மூட முயல்வதும் ஒரே புத்தியின் மூன்று வேஷங்கள் என்பதை நம்மவர் உணர்வார்களாக. கொட்டிலைத் திருத்துவோம்; கணக்கை வெளியிடுவோம்; ஆஸ்பத்திரியில் மனிதர்களைக் காப்பதற்கென்று எஞ்சியிருக்கும் மருந்துகளை அவர்களுக்காகவே வைத்திருப்போம்.